பூநாரைகளைக் கலைக்காமல் எடுத்த படங்கள்



எங்கள் பெண்கள் குழுக் கூட்டங்களில் 'சுற்றுலா' என்ற சொல்லை எடுத்தால் முதலில் சிரிப்புத்தான் எழும். "கிழமைக் கட்டுக் கட்டவே வழியில்லை, இதுக்குள்ள சுற்றுலாவோ?" என்று யாராவது ஒருவர் கேட்பார். கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதே கூட்டத்தில் "இதுவரை எந்தெந்த ஊருக்குப் போயிருக்கிறீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். தர்மபுரம், விசுவமடு, உடையார்கட்டு, தேவிபுரம், மாத்தளன் என்று பெயர்கள் வரிசையாக வரும். அவை போய்ப் பார்த்த ஊர்கள் அல்ல, ஓடிக் கடந்த ஊர்கள். திரும்பி வரும் நேரம் தெரிந்து, வீட்டைப் பூட்டித் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு, பார்ப்பதற்கென்றே ஓர் ஊருக்குப் போனது எத்தனை முறை? இந்தக் கேள்விக்குப் பலர் பதில் சொல்வதில்லை.

கடந்த சில மாதங்களாக இப்பக்கத்தில் காணி உறுதி, மரணச் சான்றிதழ், கடன் என்றே எழுதி வந்தேன். ஒரு வாசகி தபாலட்டையில் ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்: "ஒரு மாதமாவது நெஞ்சு அடைக்காமல் வாசிக்க ஏதாவது எழுதுங்கோ." ஆகவே இம்முறை பறவைகளைப் பற்றி எழுதுகிறேன். கடந்த பெப்ரவரியில், போயா விடுமுறையோடு சேர்ந்து வந்த இரண்டு நாட்களில், குடும்பமாக மன்னாருக்குப் போய்ப் பறவைகளைப் படமெடுத்து வந்தோம்.

பறவை பார்க்க வெளிநாட்டவர்கள் ஆயிரக்கணக்கான மைல் பறந்து வருகின்ற இடம் எங்கள் வாசலில் இருக்கிறது. மன்னார்த் தீவுக்குப் போகும் பாலத்திற்கு முன்னால், வீதியின் இரு பக்கமும் உவர் நிலமும் ஆழமற்ற நீரும் கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். வங்காலைச் சரணாலயம் என்பது அதுதான். 2008 இல் சரணாலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்டு, 2010 இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் 'ராம்சார்' பட்டியலில் சேர்க்கப்பட்டது. பரப்பு 4839 ஹெக்டயர். மத்திய ஆசியாவிலும் சைபீரியாவிலும் குளிர்காலம் தொடங்கும்போது புறப்படும் பறவைகள் இந்தியாவைத் தாண்டி வந்து இங்கே இறங்குகின்றன. இதற்குத் தெற்கே அவற்றுக்குத் தரை இல்லை, அண்டார்ட்டிக்கா வரை கடல்தான். செப்டெம்பர், ஒக்டோபரில் வரத் தொடங்கி மார்ச், ஏப்ரலில் திரும்பிவிடும். வீதியில் நின்றே பார்க்கலாம் என்பதால் நுழைவுச்சீட்டுச் செலவும் எங்களுக்கு வரவில்லை.

போனவர்கள் அம்மா, சின்னம்மா, அக்கா, அக்காவின் பிள்ளைகள் இருவர், நான். வவுனியாவிலிருந்து வான் பிடித்தோம். கூலியைச் சின்னம்மா வீடும் நாங்களும் பங்கிட்டோம். கமரா ஒன்றுதான் இருந்தது. கனடாவிலிருக்கும் மாமா வந்தபோது விட்டுச் சென்ற பழைய கமரா, 300 மில்லிமீற்றர் லென்ஸ். அதோடு பெறாமக்களின் கைத்தொலைபேசிகள், இரவல் வாங்கிய ஒரு பைனாகுலர். இவ்வளவும் போதுமா என்று பெறாமகன் கவலைப்பட்டான். அம்மா கவலைப்பட்டது இடியப்பமும் சம்பலும் வெயிலுக்குப் பழுதாகிவிடுமோ என்று.

வவுனியாவிலிருந்து மன்னார் ஏறக்குறைய 80 கிலோமீற்றர். செட்டிகுளம் வழியாகத்தான் போக வேண்டும். செட்டிகுளம் என்றால் எங்களில் பலருக்கு நினைவு வருவது என்னவென்று நான் சொல்லத் தேவையில்லை. மெனிக் பாம் முகாம்கள் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டுவிட்டன. அந்தப் பக்கத்தைக் கடக்கும்போது அக்கா கைப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தா. முருங்கன் தாண்டும் வரை அந்தத் தேடல் முடியவில்லை. யாரும் எதுவும் கேட்கவில்லை.

வழிகாட்டியாக வந்தவர் உள்ளூர் மீனவர், ஐம்பது வயதைத் தாண்டியவர். களப்பில் இறாலும் கடலில் மீனுமாக வாழ்ந்தவர். பறவை பார்க்க வருவோரைக் கூட்டிக்கொண்டு போவது அவருக்கு உபதொழில். போவதற்கு முன்பே தொலைபேசியில் கூலியைப் பேசி முடித்துக்கொண்டோம். எத்தனை மணிக்குத் தொடங்குவது, சாப்பாடு யார் பொறுப்பு, வள்ளம் ஏறுவதென்றால் உயிர்காப்பு அங்கி இருக்கிறதா என்பதையெல்லாம் கேட்டேன். நீங்களும் கேளுங்கள். பெண்பிள்ளைகளோடு போகும்போது அவரைத் தெரிந்த ஒருவரிடம் ஒரு சொல் விசாரித்துக்கொள்வதும் நல்லது. கூலி பேசியபின், போன இடத்தில் "கொஞ்சம் குறையுங்கோ" என்று நிற்பது அழகல்ல. அவர் அன்று கடலுக்குப் போகாமல் எங்களோடு வந்திருக்கிறார்.

அவர் முதலில் சொன்னது பறவை பற்றியல்ல. "நான் நடக்கிற தடத்திலேயே நடவுங்கோ. இதுக்குள்ள பயமொண்டும் இல்லை, எண்டாலும் உவர்ச் சேறு காலை இழுக்கும்." வன்னியிலும் மன்னாரிலும் இருப்பவர்களுக்குத் தடத்தை விட்டு இறங்காமல் நடப்பது பழக்கமான விடயம். சேற்றுக்குப் பயந்து தடத்தில் நடப்பது ஒரு முன்னேற்றம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

காலை ஆறரை மணியளவில் பூநாரைகளைக் கண்டோம். முதலில் அவை பறவையாகத் தெரியவில்லை. தூரத்தில் நீரின் மேல் இளஞ்சிவப்பாக ஒரு கோடு கிடந்தது. பைனாகுலரில் பார்த்தபோது அந்தக் கோட்டுக்குக் கால்கள் முளைத்தன. நான்கடி, நாலரை அடி உயரம். கழுத்தை வளைத்து, தலையைக் கீழே தொங்கவிட்டு, சொண்டைத் தலைகீழாக நீருக்குள் வைத்துக்கொண்டு நடந்து நடந்து உண்கின்றன. நாங்கள் அரிசி அரிப்பதைப் போல, சேற்று நீரை வாய்க்குள் இழுத்து, நாக்கால் தள்ளி வெளியேற்றி, உள்ளே தங்கும் சிற்றிறாலையும் பாசியையும் விழுங்கும். அந்த உணவிலிருக்கும் நிறப்பொருள்தான் இறகுக்குச் சிவப்பைத் தருகிறது. குஞ்சாக இருக்கையில் சாம்பல் நிறம். சிவப்பு முழுமையாக ஏறச் சில வருடங்கள் எடுக்கும். கூட்டத்துக்குள் சாம்பலும் மண்ணிறமுமாக நின்றவை அந்த இளசுகள்.

பூநாரை நிற்கும்போது வெளிர் நிறம். செட்டையை விரித்தால்தான் உள்ளே செக்கச் சிவப்பும் ஓரத்தில் கறுப்பும் தெரியும். பறக்கும் படத்துக்குத்தான் எல்லோரும் ஆசைப்படுகிறார்கள். எங்களுக்குச் சற்றுத் தள்ளி வந்து நின்ற ஒரு வாகனத்திலிருந்து இறங்கிய இளைஞர்கள் இரண்டு மூன்று தடவை ஹோன் அடித்துக் கையைத் தட்டினார்கள். கூட்டம் முழுவதும் தலையை நிமிர்த்தியது. எங்கள் வழிகாட்டி ஒன்றும் பேசாமல் அவர்களிடம் நடந்து போனார். தூரத்தில் நின்றதால் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. ஹோன் சத்தம் நின்றது. திரும்பி வந்தவரிடம் பெறாமகன், "ஒருக்கா எழும்பினால் நல்ல படம் வந்திருக்கும் தானே அண்ணை?" என்று கேட்டான்.

"வந்திருக்கும் தம்பி. உதுகள் எழும்புறதெண்டால் தண்ணிக்கு மேலால ஓடித்தான் எழும்ப வேணும். லேசான வேலையில்லை. பிறகு போய் எங்கையோ இறங்கி, அங்க சாப்பாடு இருக்கோ எண்டு பார்க்க வேணும். ஒரு நாளைக்குப் பத்து வாகனம் வந்து பத்துத் தரம் கலைச்சால் அது எப்ப சாப்பிடுறது?"

அம்மா வானுக்குள் இருந்தபடியே, "கலைக்காதேங்கோ, பாவம்" என்றா. அதற்கு மேல் அவ ஒன்றும் சொல்லவில்லை.

இந்த விடயத்தில் வழிகாட்டி சொன்னது வெறும் இரக்கப் பேச்சு அல்ல. பெப்ரவரி, மார்ச் மாதங்களில் வலசைப் பறவைகள் திரும்பிப் போவதற்காக உடம்பில் கொழுப்பைச் சேர்க்கின்றன. கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மன்னாரில் கடற்காகங்களுக்குச் செய்மதியோடு தொடர்புள்ள சிறு கருவிகளைப் பொருத்தி அவற்றின் பயணத்தைத் தொடர்ந்தார்கள். 2021 இல் அவற்றுள் ஒன்று இங்கிருந்து புறப்பட்டு ஏறத்தாழ ஒரு மாதத்தில், ஏறத்தாழ 8000 கிலோமீற்றர் கடந்து, ரஷ்யாவின் வடதுருவப் பக்கமுள்ள யமால் குடாநாட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. பின்னர் மன்னாருக்கே திரும்பியும் வந்தது. அவ்வளவு தூரம் போக வேண்டிய ஒன்றை எங்கள் படத்துக்காகத் தேவையில்லாமல் எழுப்பினால், அது வழிச் சாப்பாட்டைத் தட்டிப் பறிப்பது மாதிரித்தான்.

அக்காவைப் பற்றி இந்த இடத்தில் சொல்ல வேண்டும். அவவிடம் கேட்டு, அவ சம்மதித்த அளவுக்கே எழுதுகிறேன். அக்காவுக்குக் கமரா என்றால் ஆகாது. கலியாண வீட்டிலும் படம் எடுக்கும் நேரம் சமையற்கட்டுக்குப் போய்விடுவா. அத்தான் 2009 மே மாதத்திலிருந்து இல்லை. இருக்கிறாரா இல்லையா என்பதற்கும் பதில் இல்லை. கடைசி இடப்பெயர்வில் கலியாண அல்பமும் பிள்ளைகளின் படங்களும் ஒரு பதுங்குகுழிக்குள் தங்கிவிட்டன. அதே வருடம் முகாமில், தண்ணீர் வரிசையில், இடுப்பில் கைக்குழந்தையோடு நின்றபோது யாரோ அவவைப் படமெடுத்தார்கள். பெயர் கேட்கவில்லை. எடுக்கலாமா என்றும் கேட்கவில்லை. பின்னர் ஒரு நிறுவனத்தின் அறிக்கையில் அந்தப் படம் முழுப்பக்கமாக வந்தது. என் வேலையின் காரணமாக அந்த அறிக்கை என் கைக்கு வந்தபோதுதான் நாங்கள் கண்டோம். அந்தக் கைக்குழந்தைக்கு இப்போது 17 வயது. அவளுடைய குழந்தைப் பருவத்துக்கு இருக்கும் ஒரே படம் அதுதான். அவள் அதை வெட்டி வைத்திருக்கிறாள். அக்கா அதைப் பார்ப்பதில்லை.

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது, கள ஆய்வில் ஒருவரிடம் தகவல் பெறுமுன் அவருடைய சம்மதத்தைப் பெற வேண்டும் என்று பரீட்சைக்கு எழுதியிருக்கிறேன். முகாமில் எத்தனை கமராக்கள் வந்து போயின என்பதை உங்களில் பலர் என்னை விட நன்றாக அறிவீர்கள். உலருணவுப் பொதியைப் பிடித்துக்கொண்டு சிரிக்கச் சொன்னவர்களும் இருந்தார்கள்.

அன்று வழிகாட்டி கமராவை நீட்டாமல் பைனாகுலரை அக்காவிடம் கொடுத்தார். "பாருங்கோ தங்கச்சி, நடுவில நிக்கிறது இந்த வருசக் குஞ்சு." அக்கா வாங்கிப் பார்த்தா. கொஞ்ச நேரமல்ல, தேநீர் ஆறிப்போகும் வரை பார்த்தா. பிறகு மகளிடம், "இந்தக் கமராவில எதை அமத்துறது?" என்று கேட்டா.

அதன் பின்பு நாங்கள் காத்திருந்தோம். வானின் இயந்திரத்தை நிறுத்தி, கதவைத் திறக்காமல், பேச்சைக் குறைத்து இருந்தால் பறவைகள் வாகனத்தை ஒரு கல்லைப் போல எடுத்துக்கொள்ளும். ஏறத்தாழ முக்கால் மணித்தியாலம். மேய்ந்து மேய்ந்து கூட்டம் தானாகவே எங்கள் பக்கம் நகர்ந்து வந்தது. பெறாமக்கள் அந்த இரண்டு நாளில் அறுநூறு படத்துக்கு மேல் எடுத்தார்கள். அக்கா எடுத்தது பதினொன்று.

அப்போது நீருக்குள் ஒரு பெண் நின்றா. முழங்கால் ஆழத்தில் குனிந்து கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டு, ஒரு பையை இடுப்பில் கட்டியிருந்தா. அவவுக்கு மிகக் கிட்டவே நாரைகளும் ஊசிவால் தாராக்களும் மேய்ந்தன. எங்கள் வானைக் கண்டு ஒதுங்கிய பறவைகள் அவவைக் கண்டு ஒதுங்கவில்லை. "அந்தா, அதை எடுங்கோ அம்மா!" என்றான் மகன். உண்மையில் அன்றைய நாளின் மிகச் சிறந்த காட்சி அதுதான். காலை வெளிச்சம், நீர், குனிந்த முதுகு, சுற்றிலும் பறவை. அக்கா கமராவை மடியில் வைத்துவிட்டா. "கேக்காமல் எப்பிடி எடுக்கிறது?" என்றா.

அந்தப் பெண் வழிகாட்டிக்கு மச்சாள் முறை. கரையேறி வந்தபோது அக்காவே இறங்கிப் போய்க் கேட்டா. அவ சிரித்தா. "என்னை எடுத்து என்ன செய்யப் போறியள்? வெயிலில கறுத்துப் போய்க் கிடக்கிறன்." பிறகு கொஞ்சம் யோசித்து, "எனக்கும் ஒண்டு தாறதெண்டால் எடுங்கோ" என்றா. கூந்தலை அவிழ்த்து முடிந்துகொண்டு மறுபடி நீருக்குள் இறங்கினா. பறவைகள் மறுபடியும் விலகவில்லை. ஏன் உங்களைக் கண்டு பயப்படவில்லை என்று நான் கேட்டேன். "நான் ஒவ்வொரு நாளும் இதே சட்டையோடதான் வாறன். ஒரே பக்கத்தால இறங்கி ஒரே பக்கத்தால ஏறுவன். வேகமாக் கையை வீசமாட்டன். அதுகளுக்கு என்னைத் தெரியும்." எந்தப் பறவை எந்தச் சேற்றில் எத்தனை மணிக்கு இறங்கும், தண்ணீர் வற்றும்போது எங்கே ஒதுங்கும் என்று அவ சொல்லிக்கொண்டே போனா. வழிகாட்டி நடுவில், "இது எனக்கும் தெரியாது" என்றார்.

இதைப் பற்றி நான் பிறகு நெடுநேரம் யோசித்தேன். இவ்வளவு அறிவும் அவவிடம் இருக்கிறது. வழிகாட்டிக் கூலி வருவது ஆண்களுக்கு. நான் அந்த அண்ணையைக் குறை சொல்லவில்லை, அவரும் கூலித் தொழிலாளிதான். ஆனால் களப்பில் இறால் தடவும், உப்பளத்தில் வேலை செய்யும், கரைவலை மீன் காயவைக்கும் பெண்களைப் போலப் பறவைகளோடு நாள் முழுவதும் நிற்பவர்கள் வேறு யார்? இலங்கைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபை வழிகாட்டிகளுக்கு அனுமதிப்பத்திரம் வழங்குகிறது. நாடு முழுவதற்கும் மட்டுமன்றி, ஒரு பிரதேசத்துக்கு, ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு மட்டும் என்றும் அதில் வகைகள் இருக்கின்றன. தையல் இயந்திரம், கோழிக்கூடு என்ற இரண்டைத் தாண்டி வாழ்வாதாரம் பேசும்போது இதையும் பேசலாம் என்பது என் அபிப்பிராயம். மன்னாரில் வேலை செய்யும் சகோதரிகள் தங்கள் கூட்டங்களில் இதை எடுத்துப் பாருங்கள்.

அன்று பிற்பகல் உவர் வெளியில் சிட்டுக்குருவியளவான ஒரு சின்னஞ்சிறு பறவையைக் காட்டினார் வழிகாட்டி. நிற்பதும் திடீரென்று ஓடுவதும் மறுபடி நிற்பதுமாக இருந்தது. மண்ணோடு மண்ணான நிறம். நீண்ட காலமாக இது வெளிநாட்டு உப்புக்கொத்தியின் ஒரு வகை என்றே எழுதப்பட்டு வந்தது. 2023 இல்தான், இலங்கை ஆய்வாளர்களும் பங்குகொண்ட ஓர் ஆய்வின் பின், இது தனி இனம் என்று ஏற்றுக்கொள்ளப்பட்டு ஆங்கிலத்தில் அனுமனின் பெயர் சூட்டப்பட்டது. அனுமன் உப்புக்கொத்தி என்று சொல்லலாம். இராமர் அணைப் பக்கத்தில் வாழ்வதால் வந்த பெயர். மற்றவை வந்து போகும், இது இங்கேயே இருக்கும். கூடு என்று எதுவும் கட்டுவதில்லை. வெறும் மண்ணில் சிறு குழியில் முட்டையிடும். வெயிற்காலத்தில் வாகனங்களை உவர் வெளியில் இறக்கி ஓட்டக்கூடாது என்பதற்குக் காரணம் இதுதான். முட்டை சில்லுக்குள் போனாலும் ஓட்டுபவருக்குத் தெரியாது. கூட்டுக்குக் கிட்டப் போய்ப் படமெடுப்பதும் நல்லதல்ல. தாய் எழும்பினால் முட்டை வெயிலில் வேகும், காகமும் கண்டுவிடும்.

ஆட்காட்டியும் இருந்தது. அது கத்தியதும் சின்னம்மா சட்டென்று திரும்பிப் பார்த்தா. இரவில் ஆட்காட்டி கத்தினால் யாரோ நடமாடுகிறார்கள் என்று விளக்கை அணைத்த காலம் எங்களுக்கு இருந்தது. பட்டப்பகலில், மஞ்சள் காலும் சிவப்புக் கன்னமுமாக அதை நான் ஒழுங்காகப் பார்த்தது அன்றுதான். அழகான பறவை. சத்தம் மட்டும் அப்படியேதான்.

மறுநாள் கட்டுக்கரைக் குளத்துக்குப் போனோம். அங்கே தாமரை இலைகளின் மேல் நடக்கும் நீள்வால் இலைக்கோழியைப் படமெடுத்தோம். விரல்கள் அவ்வளவு நீளம், அதனால் இலை தாழ்வதில்லை. இதன் குடும்ப வாழ்க்கை விசித்திரமானது. பெண் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். அடைகாப்பதும் குஞ்சு வளர்ப்பதும் ஆண். பெண் அடுத்த ஆணிடம் போய் அடுத்த முட்டைத் தொகுதியை இடும். வழிகாட்டி இதைச் சற்றுக் கூச்சத்தோடுதான் சொன்னார். சின்னம்மா வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, "பிள்ளை, இதை வடிவா எடு. ஊரில கொண்டுபோய்ச் சிலருக்குக் காட்ட வேணும்" என்றா. அக்காவும் சிரித்தா. பிள்ளை வளர்ப்பைத் தனியே சுமந்த பெண்கள் இரண்டு பேர் அந்தக் குளக்கட்டில் நின்று சிரித்ததை நான் படமெடுக்கவில்லை. அம்மா எடுத்தா, கைத்தொலைபேசியில், கொஞ்சம் ஆடிப்போன படமாக.

பள்ளிமுனையிலுள்ள பெருக்குமரத்தையும் பார்த்தோம். பிள்ளைகளுக்கு அதைவிடத் தெருவில் திரிந்த கழுதைகள்தான் பிடித்தன. மகளின் கைத்தொலைபேசியில் கழுதைப் படம் மட்டும் நாற்பதுக்கு மேல். தீவின் தென்கரையில் நிற்கும் 30 காற்றாலைகளும் தூரத்தில் தெரிந்தன. மின்சாரம் வேண்டும்தான். ஆயினும் பறவைகள் இறங்கும் வழியில், மீனவர் வாழும் கரையில் இவை எத்தனை வரலாம் என்ற கேள்வியோடு 2025 இல் மன்னார் மக்கள் வீதிக்கு இறங்கினார்கள். போராடியவர்களில் பெண்களும் இருந்தார்கள். அதைத் தனியே எழுத வேண்டும்.

படமெடுக்க விரும்பும் சகோதரிகளுக்குக் கொஞ்சம் சொல்கிறேன். விலை கூடிய கமரா இல்லாமலும் எடுக்கலாம். பைனாகுலரின் கண்வைக்கும் பக்கத்தில் கைத்தொலைபேசியின் கமராவைச் சரியாகப் பொருத்திப் பிடித்தால் தூரத்துப் பறவையும் அகப்படும். முதலில் வட்டமாகக் கறுப்புத்தான் தெரியும், கை பழக வேண்டும். காலை ஆறிலிருந்து எட்டரை மணி வரை, பின்னேரம் நாலரைக்குப் பிறகு, சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும். பத்து மணிக்குப் பிறகு உவர் நிலத்தில் கானல் எழும்பும். எந்தக் கமராவாலும் அதற்குப் பிறகு தெளிவான படம் எடுக்க முடியாது, நிழலில் இருந்து சாப்பிடுங்கள். கை நடுக்கத்துக்கு நாங்கள் செய்த உபாயம், ஒரு துணிப்பையில் ஒரு கிலோ பயறு நிரப்பித் தைத்து வான் யன்னலில் வைத்து அதன்மேல் லென்ஸைச் சாய்த்தது. வீடு வந்த பின் பயற்றை அவித்துச் சாப்பிட்டாயிற்று. பூநாரை, கொக்குப் போன்ற வெளிர் நிறப் பறவைகளைக் கமரா அதிகம் வெளிறச் செய்துவிடும், வெளிச்சத்தைச் சற்றுக் குறைத்து வையுங்கள். பறப்பதை எடுப்பதென்றால் வேகத்தை 1/1000 செக்கனுக்கு மேல் வைக்க வேண்டும். 'ஃபிளாஷ்' வேண்டாம், கமராவின் 'டிக்' சத்தத்தையும் நிறுத்திவிடுங்கள். பளிச்சென்ற சிவப்பு, மஞ்சள் சேலைகளை அன்றைக்கு வீட்டில் விடுங்கள். காவலரண், படைமுகாம் பக்கம் கமராவைத் திருப்ப வேண்டாம். தண்ணீர்ப் போத்தல்களைக் கொண்டுபோனது போலவே திருப்பிக் கொண்டுவாருங்கள்.

வவுனியா வந்து சேர்ந்த கிழமையே ஸ்ரூடியோவில் எட்டுப் படங்களை அச்சடித்தோம். அவற்றில் ஐந்து அக்கா எடுத்தவை. சாம்பல் நிறக் குஞ்சு தாய்க்குப் பின்னால் நடக்கும் படத்தை மகள் தன் கொப்பிக்குள் வைத்திருக்கிறாள், அந்த அறிக்கையில் வெட்டிய படத்தோடு சேர்த்து. இறால் தடவும் பெண்ணின் படத்தை இரண்டு பிரதி எடுத்து, கடித உறையில் வைத்து, மன்னார் பஸ் நடத்துனரிடம் கொடுத்து அனுப்பினோம். மூன்றாம் நாள் வழிகாட்டியின் தொலைபேசியிலிருந்து அவ அக்காவோடு கதைத்தா. படம் கிடைத்ததாம், சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாவாம். ஒரு குறையும் சொன்னா. "நான் பெரிசா நிக்கிறன், பறவையள் சின்னனாக் கிடக்கு. ஒக்டோபரில அதுகள் வரேக்க வாங்கோ. எங்க நிண்டு எடுக்கிறதெண்டு நான் காட்டுறன்."

அக்கா அன்றிரவே கலண்டரில் ஒக்டோபர் மாதத்துத் தாளைப் புரட்டிப் போயா நாளைப் பார்த்துக்கொண்டிருந்தா.